திருகோணமலையில் சில மாதக் குடியிருப்பு: காற்றுவழி வாடகை பற்றிய ஓர் ஆய்வு

பிறநாட்டில் ஒரு வாரம் தங்குகிறவருக்கு ஹோட்டல் இருக்கிறது. மூன்று வருடம் தங்குகிறவருக்கு வாடகை வீடு இருக்கிறது. மூன்று மாதம் தங்குகிறவருக்கு இருப்பது கவலை மட்டுமே. ஹோட்டலில் இருந்தால் கைக்காசு கரைந்துவிடும். வீட்டுக்காரரிடம் போனால் ஆறு மாத அட்வான்ஸ் என்று ஆரம்பிப்பார். சிலர் ஒரு வருடம் என்பார்கள். தங்கப்போகும் காலத்தைவிட முற்பணத்தின் காலம் நீளமாக இருக்கும் இந்த விசித்திரத்துக்கு அறிவுலகம் தர வேண்டிய மரியாதையைத் தரவில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்களமாகத் திருகோணமலைத் துறைமுகப் பகுதி தெரிவுசெய்யப்பட்டதற்குக் காரணம் உண்டு. "கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகிறோம்" என்று வெளிநாட்டார் நானூறு ஆண்டுகளாக வந்திறங்கும் துறை இது. டேனியர், போர்த்துக்கீசர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று வரிசையாக வந்திருக்கிறார்கள். தரவுக்குப் பஞ்சமில்லை.

இரு பிரிவினர் ஆய்வில் சேர்க்கப்படவில்லை. முதலாவது, பிரெடெரிக் கோட்டையிலும் நகர வீதிகளிலும் வாடகையின்றி மேயும் புள்ளிமான்கள். இரண்டாவது, நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பியான கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்டின். 1852இல் பர்மாவில் கொலராவால் இறந்த அவர் திருகோணமலை எஸ்பிளனேட் மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். மான்களும் தளபதியும் நிரந்தர வதிவாளர்கள். சில மாதக்காரர் என்ற வரையறைக்குள் வரமாட்டார்கள்.

கருதுகோள்

காற்றின் வழியது வாடகை என்ப.

இதன் பொருள்: திருகோணமலையில் ஒருவர் எவ்வளவு காலம் தங்குவார், என்ன விலைக்குத் தங்குவார் என்பவற்றை வீட்டுக்காரரும் தீர்மானிப்பதில்லை, வந்தவரும் தீர்மானிப்பதில்லை, கச்சானும் வாடையும் தீர்மானிக்கின்றன.

அஃதெவ்வாறெனின், மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் இந்தக் கரைக்குத் தரைக்காற்று. கடல் அடங்கிக் கிடக்கும். ஒக்டோபரில் காற்றுத் திரும்பி வாடை என்னும் வடகீழ்ப் பருவம் தொடங்கினால் மழையும் அலையும் தை மாதம் வரை ஓயாது. மேற்குக் கரையில் இதற்கு நேர்மாறு. எனவே இலங்கையின் இரு கரைகளும் ஆண்டை இரண்டாகப் பங்கிட்டுக்கொண்டு மாறிமாறி வாடகை வாங்குகின்றன.

வரலாற்றுத் தரவு

சோழமண்டலக் கரையில் கப்பலுக்கு ஒதுங்க இடம் கிடையாது. சென்னையில் பதினெட்டாம் நூற்றாண்டில் துறைமுகமே இல்லை. திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்க வேண்டும். வாடைப் புயல் கிளம்பும் ஒக்டோபரில் ஆங்கிலக் கடற்படை அந்தக் கரையைக் கைவிட்டு, தீபகற்பத்தைச் சுற்றிக்கொண்டு பம்பாய்வரை போய், பழுது பார்த்துத் திரும்ப வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் பிரெஞ்சுக்காரர் என்ன செய்வார்களோ என்ற பதைப்பு வேறு. இரு பருவத்திலும் கப்பல் புகக்கூடிய ஆழமான இயற்கைத் துறை பக்கத்தில் ஒன்றே ஒன்று: திருகோணமலை.

ஆகவே வரலாற்றாசிரியர்கள் வல்லரசுப் போட்டி என்று எழுதிவைத்த பெரிய விவகாரம், கூர்ந்து பார்த்தால், மழைக்காலத்தில் சில மாதம் தங்குவதற்குக் கட்டுப்படியான இடம் தேடிய கதைதான். 1762இல் ஜோன் பைபஸ் என்ற ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பனி அதிகாரி சென்னையிலிருந்து கண்டி மன்னரிடம் தூது போனார். அவரை முதல் வீட்டுத் தரகர் என்று கொள்வதில் தவறில்லை. பேச்சு படியவில்லை.

ஒல்லாந்தரின் முறை வேறு. 1638 உடன்படிக்கையின்படி போர்த்துக்கீசரை விரட்ட ஆகும் செலவைக் கண்டி மன்னர் இரண்டாம் இராஜசிங்கன் ஈடுசெய்ய வேண்டும். செலவுக் கணக்கு தீரவில்லை என்று காட்டிக் காலி, கொழும்புக் கோட்டைகளை அவர்கள் தம் கையிலேயே வைத்துக்கொண்டனர். வீட்டைத் திருத்திய செலவைத் தந்தால்தான் சாவி தருவேன் என்னும் குடியிருப்பாளர்களுக்கு இவர்களே முன்னோடிகள்.

இனி மூன்று தனித்தரவுகள்.

முதலாவது, மிக நீண்ட தங்கல். 1659 நவம்பரில் சோழமண்டலக் கரையில் புயலடித்து 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பலின் பாய்மரம் முறிந்தது. மரம் மாற்றத் திருகோணமலையை அடுத்த கொட்டியார்க் குடாவுக்கு வந்தார்கள். சில வார வேலை. 1660இல் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவரையும் அவருடைய மகன் ரொபேர்ட் நொக்ஸையும் பிடித்தனர். மொத்தம் பதினாறு பேர் அகப்பட்டனர். மலைநாட்டுக் கிராமங்களில் பிரித்துக் குடியமர்த்தப்பட்டார்கள். வாடகை இல்லை, அட்வான்ஸ் இல்லை, சாப்பாடு ஊரார் பொறுப்பு. தந்தை அடுத்த ஆண்டே காய்ச்சலில் இறந்தார். மகன் தொப்பி பின்னி விற்று, நெல்லை வட்டிக்குக் கொடுத்து, தனக்கென வீடும் கட்டிக்கொண்டார். 1679இல் தப்பி அரிப்பிலிருந்த ஒல்லாந்தக் கோட்டையை அடைந்தபோது பத்தொன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. 1681இல் இலண்டனில் வெளியான அவருடைய இலங்கை வரலாறு, இலவசக் குடியிருப்புப் பற்றிய மிக விரிவான முறைப்பாட்டு நூலாகும். விலை மலிவு மட்டும் போதாது, வெளியேறும் திகதியும் வேண்டும் என்ற விதி இத்தரவிலிருந்து பெறப்படுகிறது.

இரண்டாவது, மிகச் சுருங்கிய குத்தகை. 1782 ஜனவரியில் ஆங்கிலத் தளபதி எட்வேர்ட் ஹியூஸ் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலைக் கோட்டையையும், ஜனவரி 11இல் ஒஸ்டன்பேர்க் கோட்டையையும் பிடித்தார். ஓகஸ்ட் முடிவில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் வந்து இரண்டையும் பறித்துக்கொண்டார். ஹியூஸ் செப்டெம்பரில் வந்துசேர்ந்தபோது கோட்டையில் வேறொருவர் கொடி. செப்டெம்பர் 3இல் கடற்சண்டை நடந்தும் சாவி கிடைக்கவில்லை. ஆங்கிலேயர் தங்கியது எட்டு மாதத்துக்கும் குறைவு. ஹியூஸ் அந்த மழைக்காலத்துக்குப் பழையபடி பம்பாய்க்கே போனார். வீட்டைப் பிடித்த சஃப்ரனோ சுமத்திராவின் அச்சேயில் மழைக்காலத்தைக் கழித்தார். இவ்வளவு பாடுபட்டுப் பிடித்த இடத்தில் இருவருமே இருக்கவில்லை என்பதை ஆய்வுலகம் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது, பயனின்றிக் கழிந்த தங்கல். பின்னாளில் வெலிங்டன் கோமகனாகி நெப்போலியனை வென்ற ஆதர் வெல்லஸ்லி, 1800 டிசெம்பர் முடிவில் படையோடு இங்கு வந்து 1801 பெப்ரவரிவரை காத்திருந்தார். எங்கே போவது என்ற கட்டளை மாறிக்கொண்டே இருந்தது. கடைசியில் தலைமைப் பொறுப்பும் இன்னொருவருக்குப் போயிற்று. பிரெடெரிக் கோட்டைக்குள் அவர் பெயரால் ஒரு வீடு இன்றும் சுட்டிக்காட்டப்படுகிறது. வந்த காலமோ வாடைக் காலம். அந்த மாதங்களில் கோட்டை வீட்டில் ஒருவர் பார்க்கக்கூடியது மழை.

சமகால வகைப்பாடு

இன்று சில மாதத்துக்கு வருகிறவர் சுழியோடி, திட்டப் பொறியியலாளர், ஆய்வு மாணவர், விடுமுறைக்கு வந்த புலம்பெயர் உறவினர் என்று பலவகை. அவர்களுக்கு நான்கு வாய்ப்புகள் உள்ளன.

ஒன்று, கெஸ்ட் ஹவுஸ். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கடற்கரையோரம் வரிசையாக உண்டு. கணக்கு இரவுக்கு. கச்சான் காலத்தில் அறை கிடைப்பதே பெரிது. வாடை தொடங்கினால் அதே அறை மாத விலைக்கு இறங்கி வரும், அல்லது கதவையே பூட்டிவிடுவார்கள்.

இரண்டு, அனெக்ஸ். உவர்மலை, பாலையூற்றுப் பக்கம் குடும்பவீட்டின் மேல்மாடியோ பக்கக்கட்டோ, தனி வாசலோடு. "கரண்ட் பில் தனி" என்பது முதல் வாக்கியமாக இருக்கும்.

மூன்று, போடிங் அறை. ஆசிரியர், வங்கி ஊழியர், ஆஸ்பத்திரித் தாதியர், கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாக மாணவர் ஆகியோருடன் போட்டி போட வேண்டும்.

நான்கு, வாடி. இதைக் கடைசியில் வைத்தாலும் தகுதியில் முதலாவது. மேற்குக் கடல் கச்சானில் கொந்தளிக்கும்போது நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர் படகும் வலையுமாகக் கிழக்குக் கரைக்கு வருகிறார்கள். கம்பு நட்டுக் கிடுகு வேய்ந்து வாடி போடுகிறார்கள். அங்கேயே சமையல், அங்கேயே கருவாடு காயவைத்தல், அங்கேயே தூக்கம். வாடைக்கு முன் பிரித்துக் கட்டிக்கொண்டு ஊர்போய்ச் சேர்கிறார்கள். கரைவலைப் பாடு குறித்து உள்ளூர் மீனவரோடு பிணக்குகள் வருவதுண்டு. ஆனால் வரும் திகதி, போகும் திகதி, செலவு மூன்றையும் முன்கூட்டியே அறிந்த ஒரே சில மாதக் குடியிருப்பாளர் இவர்கள்தான்.

இவ்வகைப்பாட்டிலிருந்து ஓர் உபவிதி கிடைக்கிறது: வாடகை குறையக் குறையக் கேள்வி கூடும். கெஸ்ட் ஹவுஸில் கடவுச்சீட்டை மட்டும் கேட்பார்கள். அனெக்ஸ் அம்மாவோ வாசலிலேயே தொடங்குவார். "ஃபமிலியோ, தனியாளோ தம்பி?" "எங்க வேலை?" "சைவமோ, மச்சம் சமைப்பீங்களோ?" "ஆக்கள் வந்து போவினமோ?" எல்லாவற்றுக்கும் சரியான விடை சொன்னால் வாடகை குறையும், பின்னேரம் தேத்தண்ணியும் வரும். வாடி போடக் கடற்றொழில் அதிகாரிகளும் மீனவர் சங்கமும் கேட்கும் கேள்விகள் இதைவிட அதிகம். எனவே விதி அங்கும் பொருந்துகிறது.

சட்டமும் அளவையும்

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை செல்லுபடியாக வேண்டுமானால் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். சுற்றுலா அனுமதியும் முதலில் முப்பது நாளுக்கே கிடைக்கும். நீடிப்பு வேண்டுமென்றால் பத்தரமுல்லைக் குடிவரவுத் திணைக்களத்தை நாட வேண்டும். முப்பது நாள்வரை உலகம் இலகுவானது, முப்பத்தோராம் நாளிலிருந்து கடினமானது என்பதில் 1840ஆம் ஆண்டுச் சட்டமும் இன்றைய குடிவரவும் ஒருமித்த கருத்துடையன.

மலிவுக்கு ஓர் அளவுகோலும் தேவை. திருகோணமலைச் சீனக்குடாவில் ஆங்கிலேயர் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் 2003இல் ஓர் இந்திய எண்ணெய் நிறுவனத்துக்கு 35 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டன. செய்திகளில் வெளியான ஆண்டுக் கட்டணம் ஒரு இலட்சம் அமெரிக்க டொலர். வகுத்துப் பார்த்தால் தாங்கி ஒன்றுக்கு மாதம் ஏறத்தாழ 84 டொலர். ஜன்னலும் குளியலறையும் இல்லை என்பது உண்மை. ஆனால் இடவசதியில் எந்த அனெக்ஸும் கிட்ட வராது. 2022 ஜனவரி உடன்பாட்டில் 14 தாங்கிகள் அந்நிறுவனத்துக்கும், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 கூட்டு நிறுவனத்துக்கும் என்று பங்கிடப்பட்டதால், தனி நபருக்கு இப்போது காலியிடம் எதுவுமில்லை.

ஐயமும் விடையும்

அற்றேல், காற்றுக்கு அடங்காத வாடகையும் உண்டன்றோ எனின், உண்டு. 2002 போர்நிறுத்தத்துக்குப் பின் கண்காணிப்புக் குழுவினரும், 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் உதவி நிறுவனத்தாரும் வெள்ளை வாகனங்களில் வந்தார்கள். அவர்கள் மாதம் பார்த்து வரவில்லை, விலையும் பேசவில்லை. இவை புறனடைகள். ஊரில் டொலர் வீசும் காலத்தில் கச்சானும் வாடையும் செல்லாது.

முடிபு

கருதுகோள் நிறுவப்பட்டது. கடலுக்காக வருகிறவர் பெப்ரவரியிலேயே பேசி முடித்துவிட வேண்டும். மே மாதத்தில் வந்து இறங்கி உப்புவெளியில் மலிவு தேடுவது ஹியூஸ் செப்டெம்பரில் வந்த கதையாகும். எழுத்து வேலைக்கோ ஆய்வுக்கோ இடம் வேண்டுகிறவர் ஒக்டோபரில் வரட்டும். கடல் கிடைக்காது, வீடு கிடைக்கும். உவர்மலையில் அனெக்ஸ் பார்த்தால் மாதாமாதம் கொடுக்கும் பேச்சை முதலிலேயே எடுத்துவிடுங்கள். ஆறு மாத அட்வான்ஸைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால் ரசீதும், திருப்பித் தரும் திகதியும் எழுத்தில் வாங்குங்கள். கூரை ஒழுகுகிறதா என்பதை மழை தொடங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.