‘ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன்’: அறிமுகவியலுக்கு ஒரு பாயிரம்

முதலில் ஆய்வுப் பொருளை வரையறுத்துக்கொள்வோம். தொழிலில் மூத்த ஒருவர், தம்மை அண்டி நிற்கும் இளையவரைத் தமக்குத் தெரிந்த வேறொரு பெரிய இடத்துக்கு அனுப்பி வைப்பதே வழிகாட்டிவழி அறிமுகம். இதில் பணம் கைமாறினால் அது வேறு துறை. அத்துறையை லஞ்ச ஒழிப்புப் போலீசார் ஏற்கெனவே நன்கு ஆராய்ந்து வருகின்றனர். மாமா, சித்தப்பா வகையறாவும் இங்கு விலக்கப்பட்டது. அவர்கள் தாமாக அனுப்புவதில்லை. அம்மா அனுப்ப வைக்கிறாள். எஞ்சி நிற்போர் சீனியர் வக்கீல், ஓய்வுபெற்ற பேராசிரியர், முதல் வேலையில் மேலே இருந்த மேனேஜர் ஆகியோர்.

இத்துறையின் மூலநூல்கள் வெளிநாட்டு மேலாண்மைப் புத்தகங்கள் என்று நம்புவோர் பத்துப்பாட்டைப் புரட்டிப் பார்த்ததில்லை. பத்தில் ஐந்து ஆற்றுப்படை. பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன், வழியில் பசியோடு எதிர்ப்படும் இன்னொரு கலைஞனை மடக்கி, ‘நான் போன இடத்துக்கு நீயும் போ’ என்கிறான். திருமுருகாற்றுப்படை ஆண்டவனிடமே அனுப்புவதால் அதனை இவண் ஒதுக்குகிறோம். மேலிடம் மிக மேலே இருக்கிறது.

மற்ற நான்கும் பாடத்திட்டத்தில் வைக்கத் தக்கவை. சிறுபாணாற்றுப்படை மன்னன் நல்லியக்கோடனிடம் போகச் சொல்லும்போது, வழியில் எயிற்பட்டினத்தில் சுட்ட மீன் கிடைக்கும், வேலூரில் புளி சேர்த்த சூடான சோறு கிடைக்கும், ஆமூரில் வெள்ளைச் சோற்றோடு நண்டு கிடைக்கும் என்று ஊர்வாரியாகச் சொல்லிவிடுகிறது. மலைபடுகடாம் இன்னும் பொறுப்பானது. மன்னன் நன்னனைப் பார்க்கப் போகும் கூத்தர்களுக்கு, பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாம்பு எங்கே கிடக்கும், தினைப்புனக் காவலர் யானையை விரட்ட வீசும் கவண்கல் மேலே படாமல் எப்படி நடப்பது என்பதெல்லாம் அதன் 583 அடிகளுக்குள் அடங்கும். அனுப்புகிறவன் தான் நடந்த வழியைச் சொல்கிறான் என்பதைக் கவனிக்க. அந்தக் காவலர் இன்று ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கிறார். அவர் எறிவதிலிருந்து தப்பும் வழியை இக்கால வழிகாட்டி எவரும் சொல்லித் தருவதில்லை. அவர் தருவது ஒரு பெயர் மட்டுமே. அதுவும் தம் பெயர்: ‘நான் சொன்னேன்னு சொல்லு.’

அறிமுகக் கருவிகளுள் விசிட்டிங் கார்டின் பின்புறக் கிறுக்கலும், வாட்ஸ்அப்பில் எண்ணை மட்டும் தள்ளிவிடுதலும் எளியவை. அவற்றில் ஆய்வதற்கு அதிகமில்லை. கண்ணெதிரே போன் போட்டுப் பேசுதலே நுணுகி நோக்கத் தக்கது. ‘இருப்பா, இப்பவே பேசிடறேன்’ என்று பெரியவர் ஸ்பீக்கரில் போடுகிறார். எதிர்முனையில் பழைய சிநேகிதர். முதலில் முட்டிவலி. பிறகு இருவருக்கும் தெரிந்த ஒருவரின் பைபாஸ். பிறகு மகள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வராததில் வருத்தம், வராததற்குக் காரணம், காரணத்தை ஏற்க மறுத்தல். இளையவர் சோபா நுனியில், மடியில் ஃபைலோடு, தன் முறைக்குக் காத்திருக்கிறார். ‘சரி, வெச்சிடட்டுமா’ என்னும் இடத்தில்தான் சூத்திரம் பிறக்கிறது: ‘ஆங், ஒரு பையன் வருவான். நம்ம பையன்தான். பாத்துக்க.’ பையனின் பெயர், படிப்பு, தேடும் வேலை ஆகிய மூன்றும் இங்கே தொகைநிலையாய் மறைந்து நின்றன என்று கொள்க. அனுப்பப்படுபவர் பெண்ணாயின் ‘இன்னும் கல்யாணம் ஆகலை’ என்பது இலவச இணைப்பாக வரும். வேலைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பதை எந்த இலக்கண விதியாலும் விளக்க முடியவில்லை.

போய்ச் சேர்ந்த இடத்தில் கேட்கப்படும் முதல் கேள்வி, ‘சார் எப்படி இருக்கார்?’ இரண்டாவது கேள்வியும் சாரைப் பற்றியதே. முட்டிவலிக்கு எண்ணெய் பேர் ஒன்று தரப்படுகிறது. இளையவர் அதைக் குறித்துக்கொண்டு வெளியே வந்த பிறகுதான், ஃபைல் இன்னும் தன் கையிலேயே இருப்பதைப் பார்க்கிறார்.

பெரியவர் பெயருக்கு உள்ள வலிமை பற்றி நம் கோட்பாட்டைச் சற்றே ஆட்டங்காணச் செய்யும் சான்று ஒன்று உண்டு. நேர்மை கருதி அதையும் வைக்கிறோம். உ.வே.சாமிநாதையருக்கு 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் வேலை கிடைத்தது, அங்கே தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற தியாகராச செட்டியாரின் பரிந்துரையால். இருவரும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர்கள். இதுவரை கோட்பாடு பிழைத்தது. அதே ஆண்டு திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர், கும்பகோணத்துக்குப் புதிதாக வந்த முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைப் போய்ப் பார்க்கச் சொன்னார். ஐயர் போனார். ஆசிரியரின் பெயரைச் சொன்னார். மற்ற இடங்களில் கதவைத் திறந்த அந்தப் பெயர், முதலியாரிடம் ஒரு சலனத்தையும் உண்டாக்கவில்லை. படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினார். இவற்றால் என்ன பயன் என்று கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்றார் முன்சீப். இன்றைய வழக்கில் இதை ‘இன்டர்வியூ ஊத்திக்கிச்சு’ என்பார்கள். அந்த ஊத்திக்கொண்டதில் 1887-இல் ஐயர் பதிப்பாகச் சிந்தாமணி அச்சேறியது. 1889-இல் பத்துப்பாட்டும், அதாவது மேற்படி ஐந்து ஆற்றுப்படைகளும் வந்தன. ஆகவே பெயர் வாசல்வரை கொண்டு விடும், உள்ளே அது வாய் திறக்காது என்று விதியைத் திருத்திக்கொள்கிறோம். இத்திருத்தம் பெரியவர்கள் காதுக்கு எட்ட வேண்டாம்.

இனி, அனுப்பியவருக்கு இதில் கிடைப்பது என்ன? ஆற்றுப்படைகள் கமிஷன் பற்றி மூச்சு விடவில்லை. பாணன் வழி சொன்னான், தன் வழியே போனான். இக்காலத்தில் ஊதியம் கல்யாண மண்டபங்களில் வசூலாகிறது: ‘இவனை நான்தான் அனுப்பினேன்.’ வேலை கிடைக்காமல் திரும்பியவரை அனுப்பியதாக இதுவரை எவரும் எந்தப் பந்தியிலும் உரிமை கோரியதில்லை. கிடைத்தவருக்கோ, ஒரு வார்த்தை சொல்லி வைத்தவர்கள் ஒரு வரிசை உட்காரும் அளவுக்குச் சேர்ந்துவிடுகிறார்கள். எங்கள் தெருவில் ஒரு பையன் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 எழுதித் தேறினான். அத்தேர்வில் நேர்முகம் என்ற கட்டமே கிடையாது. ஆனாலும் பாராட்டு விழாவில் பேசியவர்களில் மூவர், தாம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்ததாக மைக்கில் அறிவித்தனர். ஓஎம்ஆர் தாள் திருத்தும் இயந்திரத்திடம் அவர்கள் எப்போது போய்ப் பேசினார்கள், அது அவர்களை உட்காரச் சொன்னதா என்பவை தனி ஆய்வுக்கு உரியன.