தங்கத் தரமும் கரிசல் சேறும்

கோவில்பட்டியை அடுத்த பசுவந்தனைப் பக்கம் காற்றாலையோ சோலாரோ எது வந்தாலும், கூடவே ஒரு சம்பந்தமும் வந்துவிடுகிறது. இயந்திரங்களை இயக்கும் பிஎல்சி, அவற்றைத் தூரத்திலிருந்து கண்காணிக்கும் ஸ்காடா ஆகியவற்றைத் தயாரிக்கும் கம்பெனி பெண் வீடு. அவற்றை வாங்கி, வயர் பூட்டி, புரோகிராம் எழுதி ஓடவைக்கும் சிஸ்டம் இன்டகிரேட்டர் மாப்பிள்ளை வீடு. இந்த உறவை சீமென்ஸ் 'சொல்யூஷன் பார்ட்னர்' என்கிறது. ஷ்னைடர் 'அலையன்ஸ்' என்கிறது. ராக்வெல்லில் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரமே உண்டு. 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டி கடலைமிட்டாய்க்குக்கூட இத்தனை படிக்கட்டு இல்லை.

2016-இல் கமுதியில் எழுந்த 648 மெகாவாட் சோலார் நிலையத்துக்குத் துணைமின் நிலையங்களை ஏபிபி கம்பெனியே அமைத்துக் கொடுத்தது. பெரிய இடத்துக்குக் கம்பெனி நேரில் வரும். சின்ன இடத்துக்குச் சான்றிதழை அனுப்பும்.

அந்தச் சான்றிதழுக்கான பயிற்சி, தேர்வு எல்லாம் நியாயந்தான். பாடத்திட்டத்தில் கரிசல் மண் மட்டும் விட்டுப்போயிற்று. ஐப்பசி மழையில் அது சக்கரத்தை விழுங்கும். பங்குனி வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், கேபிள் பள்ளத்தையும் சேர்த்து. தங்கத் தர இன்ஜினியரை அப்போது பேனல் வரைக்கும் கொண்டுசேர்ப்பது உள்ளூர் டிராக்டர். அதற்கு எந்தத் திட்டத்திலும் வெண்கலம்கூடக் கிடையாது.

சிக்னல் நின்றுபோன அன்று கம்பெனி, "புரோகிராமைப் பாருங்க" என்னும். இன்டகிரேட்டர், "மாட்யூலைப் பாருங்க" என்பார். பிறகு இருவரும் ஒரே குரலில், "லைன்ல கோளாறு சார்." கூட்டணி பலமாக இருப்பது அங்கேதான்.

ஆடிக் காற்றில் காற்றாலை இறக்கைகள் முழுமூச்சாகச் சுற்றும்போது, உற்பத்தியைக் குறைக்கச் சொல்லி மின்சுமைப் பகிர்வு மையத்திலிருந்து உத்தரவு வருவதுண்டு. அது மட்டும் எந்தத் தடங்கலும் இல்லாமல் போய்ச் சேர்ந்துவிடும்.