கடுவனா, பெட்டையா?

வெடிச் சத்தத்துக்கென்றே ஒரு பாடவேளை ஒதுக்கியிருக்கிறாள் என் மகள். மாலை ஏழு மணிக்குக் கைப்பேசியில் தீபாவளியை முணுமுணுப்பாக ஆரம்பித்து, நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போவாள். மழைநீர் வடிகால் பள்ளத்திலிருந்து அவள் அள்ளிவந்த நாலு நாய்க்குட்டிகளும் சோற்றுத் தட்டிலிருந்து தலை தூக்காவிட்டால் அன்றைக்குத் தேர்ச்சி. காலையில் மிக்ஸி, அப்புறம் குக்கர் விசில், குடையை விரித்து மூடுவது, காதையும் பாதத்தையும் தொட்டுத் தொட்டுப் பழக்குவது, கடைசியாக ஹெல்மெட் போட்ட அந்நியர். அந்த வேடம் எனக்கு. ஸ்கூட்டரை விற்று நாலு வருஷம் கழித்து, வீட்டுக்குள் ஹெல்மெட்டோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவித்த கோழித் துணுக்கை நீட்டும் பாக்கியம் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

"மூணு வாரத்துலேர்ந்து 14 வாரத்துக்குள்ள பாத்துப் பழகுறதுதாம்ப்பா அதுங்களுக்கு உலகம். அப்புறம் புதுசா எது வந்தாலும் பயம்தான்" என்கிறாள்.

1972-இல் மன்னார்குடியில் எங்கள் தெருவுக்கு இதெல்லாம் தெரியாது, தெரியாமலே செய்துகொண்டிருந்தது. மாட்டுக் கொட்டிலின் வைக்கோலில் ஒரு கறுப்பி குட்டி போட்டுவிட்டால், கண் திறக்கும் அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளும் நாங்கள் பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே கிடப்போம். கண் திறந்த குட்டிக்கு வில்வண்டி, பூம்பூம் மாடு, சாவு மேளம், ஐஸ் வண்டி மணி, நாலாம் வகுப்புப் பையன்கள் பதினைந்து பேர் என்று எல்லாப் பாடமும் கட்டணமின்றி நடக்கும். அப்படிப் படித்துத் தேறிய எங்கள் ஜிம்மி, குடுகுடுப்பைக்காரரைத் தவிர எவரையும் பார்த்துக் குரைத்ததில்லை. சட்டைக்குள் போட்டுக்கொண்டால் வயிற்றில் படும் அந்த வெதுவெதுப்பும், அதன் வாயிலிருந்து வரும் பால் வாடையும் இன்றைய குட்டிகளிடமும் அப்படியே இருக்கின்றன. சட்டைதான் எனக்கு இறுக்கமாகிவிட்டது.

அன்றைக்கு வீட்டுக்கு வீடு செய்தித்தாள் வந்தது, குட்டிக்கு விரிக்க எவருக்கும் தோன்றவில்லை. இன்றைக்கு விரிக்கத் தெரிகிறது. அடுக்ககத்தில் ஏழு வீட்டுக் கதவைத் தட்டினாலும் ஒரு பழைய பேப்பர் கிடைப்பதில்லை.

பொற்காலம்தான். ஆனால் பசும்பாலை ஊற்றுவோம், குட்டிக்கு வயிறு போகும். கண்பட்டுவிட்டது என்று பாட்டி உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவாள், நாங்கள் மறுபடி அதே பாலை ஊற்றுவோம். ஐந்தில் இரண்டு தங்கும். இப்போது அதற்கென்று தனிப் பால் மாவு; ஆறு வாரத்தில் தொடங்கி மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை 16 வாரம் வரை தடுப்பூசி. 1978-இல் உலகம் அடையாளம் கண்ட பார்வோ வைரஸுக்குப் பயந்து, ஊசிகள் முடியும்வரை குட்டியின் கால் தெருவில் படக்கூடாதாம். உலகத்தையும் பார்த்தாக வேண்டுமே! அதனால் துணிப்பையில் போட்டு மார்போடு மாட்டிக்கொண்டு, நாலு தெரு சுற்றி ஆட்டோவையும் மாட்டையும் காய்கறி வண்டியையும் காட்டிவிட்டு வருகிறாள் மகள்.

எங்களிடமும் ஒரு பை இருந்தது. சாக்குப்பை. கடுவனை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்ட பிறகு மிஞ்சும் பெட்டைகளை அதில் போட்டுப் பாமணி ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவிட்டு வருவோம். மிருகவதைத் தடைச் சட்டம் 1960-லேயே வந்துவிட்டது. எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை. சாக்கின் ஒரு முனையை நானும் பிடித்திருக்கிறேன். திரும்பும்போது மாங்காய் அடித்தோம்.

இப்போது தத்துக் கேட்டு வருகிறவர்களுக்கு இரண்டு பக்கப் படிவம்: சொந்த வீடா, வாடகையா, கருத்தடை செய்வீர்களா, ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள். பெண் கொடுப்பவர்கள்கூட இவ்வளவு விசாரித்ததில்லை. ஆனால் அந்தப் படிவத்துக்கு முன்னால் ஒரு தொலைபேசி வருமே, அதில் முதல் கேள்வி இன்னும் அதேதான்: "ஆண் குட்டி இருக்குங்களா?" இருந்த ஒரு கடுவனும் மூன்றாம் நாளே போய்விட்டான். மூன்று பெட்டைகள் இருக்கின்றன, ஹெல்மெட்டுக்குப் பயப்படாமல்.

ஒரு மத்தியானம் யாரும் இல்லாதபோது அந்தப் படிவத்தை நானே நிரப்பிப் பார்த்தேன். 'இதற்குமுன் நாய் வளர்த்ததுண்டா?' என்ற இடத்தில் ஜிம்மி என்று எழுதினேன். அதன் உடன்பிறந்தவை என்ன ஆயின என்று, நல்லவேளையாக, எங்கும் கேட்டிருக்கவில்லை.