பொம்மைப் படைக்கு இன்னும் பத்திரிகை எதற்கு?

கே: சிற்றுருவப் படைகளை வைத்துப் போர் விளையாட்டு ஆடுபவர்களுக்கு எல்லாமே இணையத்தில் கிடைக்கிறதே, அச்சுப் பத்திரிகை இன்னும் எதற்கு?

ப: செய்தி சொல்லும் வேலை போய்விட்டது, உண்மைதான். 1962-ல் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் இங்கிலாந்தில் 'வார்கேமர்ஸ் நியூஸ்லெட்டர்' தொடங்கியபோது, ஊருக்கு ஒருவராய்ச் சிதறிக் கிடந்த ஆட்டக்காரர்களைச் சேர்த்து வைத்தது அந்தச் சிறு இதழ். 1977-ல் கேம்ஸ் வொர்க்‌ஷாப் என்ற விளையாட்டு நிறுவனம் கொண்டுவந்த 'ஒயிட் டுவார்ஃப்' இதழ் முதலில் பிற நிறுவன விளையாட்டுகளையும் அலசியது. எண்பதுகளின் இறுதிக்குள் கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் சொந்தச் சரக்குக்கே காட்சிக்கூடம் ஆகிவிட்டது. "விளம்பரத்தைக் காசு கொடுத்து வாங்குவதா?" என்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் 2014-ல் அதை வார இதழாக்கி ஓடவிட்டவர்கள், 2016-ல் மாத இதழுக்கே திரும்பினார்கள். வேகத்தில் இணையத்தோடு மோத முடியாது, நிதானத்தில் மோதலாம். ஒரு கையில் தூரிகையும் மறு கையில் விரல் உயரச் சிப்பாயுமாக உட்கார்ந்திருப்பவருக்கு, விரித்த பக்கம் மேசையில் அப்படியே கிடக்கிறது: அடிப்பூச்சு, மடிப்புகளில் நிழல், விளிம்பில் வெளிச்சக் கோடு என்று படிப்படியாக. ஒரு போரின் வரலாறு, வரைபடம், படைப்பட்டியல், ஆட்ட விதி எல்லாவற்றையும் ஆசிரியர் சரிபார்த்து ஒரே கட்டுரையில் கோத்துத் தருவது நல்ல பத்திரிகையின் பலம். அப்படிப்பட்ட இதழுக்குச் சந்தா கட்டுங்கள். புதுப் பொம்மைகளின் விலைப்பட்டியலை மட்டும் நீட்டுவதை விட்டுவிடுங்கள்.