மாப்பிள்ளை முறுக்கோடு ஒரு சீரம்

வைட்டமின் சி சீரம் இல்லாமல் இப்போது மருந்துக்கடை அலமாரி நிறைவதில்லை. 30 மில்லி கண்ணாடிக் குப்பி, உள்ளே ஒரு சொட்டுக்குழாய், வெளியே ஒரு விலை. விலையைப் பார்த்ததுமே முகம் வெளுத்துவிடும். அதுவே முதல் பலன்.

கேலி இருக்கட்டும், சரக்கு பொய்யில்லை. வைட்டமின் சி எனும் அஸ்கார்பிக் அமிலம் தோலில் கொலாஜன் உருவாகத் துணைநிற்கும். கரும்புள்ளியைக் கொஞ்சம் மங்கவைக்கும். வெயில் செய்யும் சேதத்தில் ஒரு பங்கைத் தடுக்கும். ஆனால் மாப்பிள்ளை முறுக்கு அதிகம். பிஎச் அளவு 3.5க்குக் கீழே இருந்தால்தான் தோலுக்குள் சரியாக இறங்கும். செறிவை 20 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் எரிச்சல்தான் கூடும், பலன் கூடாது. காற்றுப் பட்டால் கோபம், வெளிச்சம் பட்டால் கோபம். கோபித்தால் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகும். நாம் அதை எங்கே வைப்போம்? குளியலறை ஜன்னல் விளிம்பில். காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்று, டீ நிறத்துக்கு வந்த பிறகும் பூசுகிறவர்கள் உண்டு.

இன்னொரு கூட்டம், “எதுக்கு இவ்வளவு செலவு?” என்று எலுமிச்சம்பழத்தை நறுக்கி நேராக முகத்தில் தேய்த்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போகிறது. அந்தச் சாறும் வெயிலும் சேர்ந்தால் தோல் கொப்பளித்துக் கறுக்கக்கூடும். போக்க நினைத்த புள்ளிக்குத் துணைக்கு ஆள் வரும்.

வாங்குவதானால் காற்றும் வெளிச்சமும் புகாத குப்பியாகப் பாருங்கள். பூசியபின் சன்ஸ்கிரீனும் போடுங்கள்; சீரம் அதற்கு மாற்று அல்ல.