பேட்டுக்குப் பத்தியம்

முட்டை ஒன்றின் விலை ஐம்பது ரூபாயைத் தாண்டியபோது நான் கணக்குப் பார்த்தேன். 2023ஆம் ஆண்டு, அரசாங்கம் இந்தியாவிலிருந்து கப்பலில் முட்டை இறக்கிக்கொண்டிருந்த காலம். இளைப்பாறிய இலிகிதர் நான். கணக்கில் வலு கெட்டிக்காரன் என்று எனக்கு ஒரு நினைப்பு. நாலு பேடு வாங்கினால் ஆறு மாதத்தில் போட்ட காசு திரும்பிவிடும் என்று கொப்பியில் கோடு போட்டு எழுதி மனைவிக்குக் காட்டினேன். அவள் கோழி வளர்த்த வீட்டில் பிறந்தவள். கொப்பியை வாங்கி, அதன் மேல் சூடான கேத்திலை வைத்தாள். 

அந்த நாலில் செம்பி என்பது ஒரு வெள்ளிக்கிழமை காலை கூட்டு மூலையில், சபையில் வெற்றிலைத் தட்டு நீட்டப்படாத சம்பந்திபோல, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. தவிடும் குறுணலும் குழைத்து வைத்தேன். திரும்பியும் பார்க்கவில்லை. தூக்கித் தடவினேன். கழுத்துக்குக் கீழே தோடம்பழமளவில் கல்லுப்போல ஒன்று.

"இஞ்சரப்பா, செம்பிக்கு நெஞ்சிலை கட்டி!"

"கட்டியுமில்லை, ஒண்டுமில்லை. அது இரைப்பை. பின்னேரம் திண்டது விடியமுன்னம் இறங்கியிருக்க வேணும். இறங்கேல்லை."

வெள்ளிக்கிழமை என்றபடியால் கறிச்சட்டிப் பேச்சை ஒருவரும் எடுக்கவில்லை. கந்தசாமியாரும் பரராசசேகரப் பிள்ளையாரும் குடியிருக்கிற இணுவிலில் சனிக்கிழமை விடியும்வரை செம்பியின் உயிருக்கு உத்தரவாதம் உண்டு.

வேலிக்கு அந்தப்பக்கமிருந்து ஆச்சி வைத்தியம் சொன்னா: "தம்பி, காலிலை பிடிச்சுத் தலைகீழா உதறு. எல்லாம் சத்தியாப் போயிடும்." காலில் பிடித்தேன். உதறுவதற்கு முன்னமே செம்பி என் சாரத்தில் தண்ணியாகக் கழித்தது. ரொறன்ரோவிலிருக்கும் மைத்துனனை வட்ஸ்அப்பில் பிடித்தேன். 2018இல் அந்த மாநகரசபை சில வட்டாரங்களில் வீட்டுக்கு நாலு பேடு வரை வளர்க்கலாம், சேவல் மட்டும் கூடாது என்று பரீட்சார்த்தமாக அனுமதி கொடுத்ததிலிருந்து, பதினாலாம் மாடியில் ஒரு கோழிச் செட்டைகூட இல்லாமல் இருக்கிற அவனும் கோழி நிபுணன்.

"அத்தான், யோசிக்காமல் வெட்டிட்டைக் கொண்டு போங்கோ."

"வெள்ளிக்கிழமையடாப்பா, இண்டைக்கு எப்பிடி வெட்டுறது?"

"ஐயோ அத்தான், வெட்! மிருக வைத்தியர்!"

செம்பியைக் கடகத்தில் வைத்து, துவாயால் மூடி, சைக்கிள் கரியரில் கட்டினேன். 1898இல் அமெரிக்க மிஷன்காரர் பெண்களுக்கென்று திறந்த எங்களூர் ஆசுப்பத்திரியில் பிறக்காதவர்களை இந்தப் பக்கத்தில் தேடித்தான் பிடிக்கவேண்டும். அதனாலோ என்னவோ, ஒழுங்கையில் எதிர்ப்பட்டவர் துவாயைக் கண்டதும், "என்ன அண்ணை, பேரப்பிள்ளையோ?" என்றார். கடகம் கொக்கரித்தது. அவர் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

டொக்டர்பிள்ளை சின்ன வயது. விரலால் அமத்திப் பார்த்துவிட்டு, "வளவிலை புல்லு வெட்டினீங்களோ?" என்றா.

வெட்டினேன். மைத்துனன் அனுப்பிய மிசினால், போன கிழமை, ஊரே கேட்க. வெட்டினதை அள்ளவில்லை. கோழிக்குப் பல்லில்லையாம். தின்றது முதலில் இரைப்பையில் கிடந்து ஊறும். பிறகு உள்ளே இறங்கி, கோழி பொறுக்கி விழுங்கிய சின்னக் கற்களோடு சேர்ந்து அரைபடும். நீட்டுப் புல்லு இரைப்பையிலேயே முறுகிப் பந்தாகி வழியை அடைத்துவிடும். அந்தச் சின்னக் கற்களும் செம்பிக்குக் கிடைத்திருக்காது. துப்புரவாக இருக்கட்டும் என்று கூட்டைச் சுற்றி முழுக்கச் சீமெந்து போட்டவனும் நான்தான். இதை டொக்டர்பிள்ளைக்குச் சொல்லவில்லை.

தலைகீழ் வைத்தியத்தைச் சொன்னதும் அவவுக்கு முகம் மாறியது. கோழியின் மூச்சுக்குழாய் வாய் நாக்குக்குப் பின்னாலேயே திறந்து கிடக்கிறதாம். உள்ளே கிடப்பது மேலே வந்தால் நேரே சுவாசப்பையில் இறங்கிவிடும். "புளிச்ச மணம் இல்லை, மெதுமெதுப்பும் இல்லை. அதுகள் இருந்தால் பூஞ்சணம், அதுக்கு வேறை மருந்து. இது வெறும் அடைப்பு. இண்டைக்குத் தீன் வேண்டாம், தண்ணி மட்டும். ஊசி இல்லாத சிறிஞ்சாலை சொண்டின்ரை ஓரத்திலை துளித்துளியாத் தேங்காயெண்ணெய் விட்டு, மெல்லமாப் பிசைஞ்சு விடுங்கோ. திங்கட்கிழமைக்குள்ளை இறங்காட்டில் வெட்டித்தான் எடுக்கவேணும்."

திங்களும் எங்கள் வீட்டில் மரக்கறிதான் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

தவில் மேதை தட்சிணாமூர்த்தி 1933இல் பிறந்த மண் இது. அதே மண்ணில் பிறந்த என் விரல்கள் ஒரு தோல் வாத்தியத்தைத் தொட்டது அன்றைக்குத்தான். செம்பியை மடியில் இருத்தி, விறாந்தையில் குந்தி, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை வாசித்தேன். தவில் பழகுகிற எதிர்வீட்டுப் பெடியன் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். "மாமா, தாளம் தப்புது."

இரவு கட்டிலடியில் காட்போட் பெட்டி. டோர்ச் அடித்துப் பார்ப்பதும் படுப்பதுமாக இருந்தேன். மூன்றாம் தரம் எழும்பினபோது இருட்டுக்குள் குரல் வந்தது: "என்ரை முழங்காலுக்கு ரெண்டு மாசமா எண்ணெய் பூசச் சொல்லுறன்." நித்திரைபோலக் கிடந்தேன். டோர்ச் கையில் எரிந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை இரைப்பை தேசிக்காயளவுக்கு வற்றியிருந்தது. பெட்டிக்குள் கரும்பச்சையாக, புல்லு நார் நீட்டிக்கொண்டு, சீரும் சிறப்புமான எச்சம். படம் எடுத்து உடனே ரொறன்ரோவுக்கு அனுப்பினேன். அங்கே இராச் சாப்பாட்டு நேரமாம். மைத்துனன் இன்னும் கதைக்கவில்லை.

பிறகு அலவாங்கோடு ஒரு ஆளைப் பிடித்துச் சீமெந்தை உடைத்தேன். அரை நாள் கூலி. சிறிஞ்சு, எண்ணெய், கூலி மூன்றையும் கொப்பியில் பதிந்துவிட்டு வருமானப் பக்கத்தைப் பார்த்தேன். கேத்தில் வைத்த வட்டம் மட்டும் இருந்தது. வெளியே செம்பி செம்மண்ணைக் கிளறி ஒரு சின்னக் கல்லைப் பொறுக்கி விழுங்கியது.

மனைவி கதிரையில் இருந்து, காலைத் தூக்கி முக்காலியில் வைத்தாள்.

"மிச்ச எண்ணெயைக் கொண்டு வாங்கோ."

கொண்டு போனேன்.

"தாளம் தப்பாமல் பூசுங்கோ."