பாரத்தில் பி.யூ.சி.க்கு இடமில்லை

1979இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொலைதூரக் கல்வியைத் தொடங்கியபோது நெய்வேலியில் பலருக்குத் தூக்கம் போனது. சிதம்பரம் எங்களுக்குத் தூரமில்லை. வடலூர், சேத்தியாத்தோப்பு, புவனகிரி என்று பஸ் போய்ச் சேர்ந்துவிடும். எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவர்களும் பி.யூ.சி.யோடு வேலைக்கு வந்தவர்களும் 'கரஸ்'ஸில் சேர்ந்தார்கள். தபாலில் பாடப் புத்தகங்கள் வந்தன. சுரங்கத்தில் ராத்திரி ஷிஃப்டில் கொஞ்சம் ஓய்வு கிடைத்தால் சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்துப் படிப்பார்கள். "ஏம்ப்பா, கலெக்டர் ஆகப்போறியா?" என்று மேஸ்திரி கேட்பார். அந்தக் கேள்விக்கு அவர்களிடம் பதில் இருந்தது. டிகிரி வந்தால் பதவி உயர்வுக்கு வாய்ப்பு, அதோடு நல்ல குவார்ட்டர்ஸ், பிள்ளைக்கு நல்ல சம்பந்தம். அதற்காகப் படித்ததில் எந்தக் குறையும் இல்லை. அந்தப் படிப்பு பல குடும்பங்களைத் தூக்கி நிறுத்தியதை நான் கண்ணால் பார்த்தேன்.

நான் சேரவில்லை. தங்கை கல்யாணக் கடன் இருந்தது, மூன்று பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அந்தப் 'பிறகு' வர எனக்கு எண்பது வயதாக வேண்டியிருந்தது. போன ஆண்டு பி.ஏ. வரலாறு சேர்ந்தேன், தொலைநிலைக் கல்வியில்.

ஏன் வரலாறு என்று சொல்ல வேண்டும். சுரங்கத்தில் என் வேலை நிலத்தடி நீர்க் கட்டுப்பாட்டுப் பிரிவில். வெளியூர்க்காரர்களுக்கு நெய்வேலி என்றால் மண்ணை வாரும் ராட்சத இயந்திரம்தான் தெரியும். தண்ணீர்க் கதை தெரியாது. பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே நீர் தேங்கிய மணல் அடுக்கு ஒன்று இருக்கிறது. அந்த நீர் சும்மா கிடப்பதில்லை, மேல்நோக்கி அழுத்திக்கொண்டே இருக்கும். மேலே உள்ள மண்ணை எடுத்துவிட்டால் அழுத்தத்தைத் தாங்க எடை இருக்காது. சுரங்கத்தின் தரையே பெயர்ந்து தண்ணீர் பீறிட்டுவிடும். அதனால் சுற்றிலும் ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டு, இரவு பகல் பாராமல் நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். தீபாவளி, பொங்கல், புயல் எதற்கும் பம்பு நிற்கக் கூடாது. நிற்காமல் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. இந்த நீர் எங்கிருந்து வருகிறது, எத்தனை காலமாகத் தேங்கியது, இறைத்துக்கொண்டே போனால் சுற்று வட்டாரக் கிணறுகள் என்ன ஆகும் என்று கேட்க அப்போது எனக்கு வாயும் இல்லை, நேரமும் இல்லை. மீட்டரில் முள் சரியாக நின்றால் போதும் என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது.

இந்த ஊரின் நிலக்கரி கண்டுபிடிக்கப்பட்டதே தண்ணீரால்தான். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு கருப்பாக ஏதோ வந்ததைக் கவனித்தார், விடவில்லை. 1956இல் எங்கள் சுரங்க நிறுவனம் பிறந்தது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். நிலக்கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில். சோவியத் உதவியுடன் கட்டிய முதல் அனல்மின் நிலையம் 1962இல் மின்சாரம் தர ஆரம்பித்தது. நான் வேலைக்கு வந்தபோது அதற்குக் குழந்தைப் பருவம். 2020இல் அது ஓய்வு பெற்றுவிட்டது, நான் இப்போது முதலாண்டு மாணவன். என் பாடப் புத்தகத்தில் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தத் திட்டத்தின் நிழலில்தான் நான் சோறு தின்றேன், கல்யாணம் செய்தேன், பிள்ளை பெற்றேன். அது எப்படி யோசிக்கப்பட்டது, யார் எதிர்த்தார்கள், எதை இழந்து எதைப் பெற்றோம் என்பதை இப்போதுதான் படிக்கிறேன். இதைத் தெரிந்துகொள்ளாமல் போவதற்கு எனக்கு மனமில்லை.

சேர்வது சுலபமாக இல்லை. அந்தக் காலத்தில் பாரம் நான்கு பக்கம். பேனாவால் நிரப்பி, கெசட்டட் ஆபீசரிடம் கையெழுத்து வாங்கி, டி.டி. எடுத்து அனுப்பினால் தீர்ந்தது. இப்போது தொலைநிலைக் கல்வியில் சேர யு.ஜி.சி.யின் 'டெப்' எண் வேண்டும். அதற்கு முன் ஏ.பி.சி. என்ற கல்வி மதிப்பெண் வங்கிக் கணக்கு, அதற்கு ஆதார், ஆதாருக்கு போனில் ஓ.டி.பி. என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் அப்பா பெயருக்கு ஓர் எழுத்துதான் இனிஷியல். ஆதாரில் அதை முழுப் பெயராக்கி, என் பெயருக்குப் பின்னால் ஒட்டிவைத்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே ஆள் என்று கணினி ஒப்புக்கொள்ளவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், நான் விண்ணப்பித்த பல்கலைக்கழகத்தின் இணையப் பாரத்தில் பி.யூ.சி. என்ற ஒன்றுக்கே இடம் இல்லை. +2 பதிவெண்ணைக் கேட்டது. தமிழ்நாட்டில் +2 வந்தது 1978இல். அதற்கு முன் பள்ளியில் பதினோரு ஆண்டு, கல்லூரியில் பி.யூ.சி. ஓராண்டு. எங்கள் தலைமுறை முழுவதும் படித்த படிப்பு அந்தத் திரையில் இல்லாமல் போயிருந்தது. பேத்தி மனு எழுதி, நேரில் அலைந்து, அலுவலர் ஒருவர் கருணையோடு கையால் திருத்திக் கொடுத்த பிறகே சேர முடிந்தது. பேத்தி இல்லாத முதியவர் எத்தனை பேர் அந்தத் திரையோடு திரும்பியிருப்பார்கள் என்று நினைத்தால் நெஞ்சு பொறுக்கவில்லை.

சேர்ந்த செய்தி தெரிந்ததும் இந்திரா நகர் டீக்கடையில் பழைய சகாக்கள் கேட்டார்கள்: "எதுக்குண்ணே இந்த வயசுல?" மேஸ்திரி அன்று கேட்டதும் இதுவும் ஒரே கேள்விதான். அன்று எதிர்காலம் முழுவதும் முன்னால் கிடந்தது, அதனால் கேட்டார்கள். இன்று எதிர்காலம் இல்லை என்று நினைத்துக் கேட்கிறார்கள். படிப்பை வேலைக்கான சீட்டாக மட்டுமே பார்த்துப் பழகிய ஊர் இது. எனக்கு இனிப் பதவி உயர்வு கிடையாது. அதனாலேயே பாடத்தை மட்டும் பார்த்துப் படிக்க முடிகிறது. இதை நான் என் வாழ்க்கையில் முதல் தடவையாக அனுபவிக்கிறேன்.

கேட்டவர்களுக்கு வேலணை அம்மையாரைப் பற்றிச் சொன்னேன். யாழ்ப்பாணத்து வேலணையில் பிறந்தவர் வரதலெட்சுமி சண்முகநாதன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம், இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் டிப்ளோமா பெற்று, ஊரில் வரலாறும் ஆங்கிலமும் கற்பித்தவர். லண்டனில் மொழியியலில் முதுகலை முடித்தபோது அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. 2004இல் மகளோடு இருக்கக் கனடா போனார். அங்கே டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியலில் இரண்டாவது முதுகலை சேர்ந்து 2022இல் முடித்தார், 87 வயதில். அந்தப் பல்கலைக்கழகத்தில் முதுகலை பெற்றவர்களில் அவரே மூத்தவர். ஒன்டாரியோ சட்டமன்றம் அவரை அழைத்துக் கௌரவித்தது. அவர் எடுத்த பொருள் இலங்கையின் உள்நாட்டுப் போரும் சமாதானத்துக்கான வாய்ப்பும். பிறந்த மண்ணைக் கிழித்த போரை, அதன் காரணங்களை, எண்பதைத் தாண்டிய பிறகு நூலகத்தில் உட்கார்ந்து ஆராய்ந்திருக்கிறார். இதைப் பொழுதுபோக்கு என்று யாராவது சொல்ல முடியுமா?

அவர் கதையில் எல்லோரும் கவனிக்காமல் தாண்டிப்போகும் ஒன்று உண்டு. யார்க் பல்கலைக்கழகம் 60 வயது நிறைந்தவர்களிடம் படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. அவருடைய மன உறுதியைப் பாராட்டும்போது அந்த விதியையும் சேர்த்தே பாராட்ட வேண்டும்.

வடக்கே ராஜ்குமார் வைஷ்யா என்பவர் பாட்னாவின் நாளந்தா திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதார எம்.ஏ.வை 2017இல் முடித்தார், 98ஆம் வயதில். நாடு வறுமையை ஏன் ஒழிக்க முடியவில்லை என்று தெரிந்துகொள்ளத்தான் சேர்ந்தாராம். பக்கத்துக் கேரளத்தில் ஆலப்புழையின் கார்த்தியாயினி அம்மா 2018இல், 96 வயதில், எழுத்தறிவுத் தேர்வில் நூற்றுக்கு 98 வாங்கினார். கோயில் வாசல்களைக் கூட்டிப் பெருக்கிப் பிழைத்தவர். அறுபது வயது மகள் தேர்வு எழுதித் தேறியதைப் பார்த்துத்தான் அவருக்கு ஆசை வந்தது.

இந்தக் கடைசிக் கதையை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவள் ஏழாவதோடு நிறுத்தப்பட்டவள். நிறுத்தியது வறுமை இல்லை, பெண் பெரியவளாகிவிட்டாள் என்ற காரணம். டவுன்ஷிப்பில் எங்கள் வரிசை வீடுகளில் ஆண்கள் 'கரஸ்'ஸில் படித்தபோது குழந்தைகளை அடக்கி, ரேடியோவைக் குறைத்து, ராத்திரி டீ போட்டுக் கொடுத்தவர்கள் அவளைப் போன்ற பெண்கள். எந்தச் சான்றிதழிலும் அவர்கள் பெயர் இல்லை. "எனக்கும் ஒரு பாரம் வாங்கிட்டு வாங்க" என்றாள். எட்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்கு உச்ச வயது கிடையாது. இப்போது சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கம் அவள் அறிவியல் புத்தகம், மறுபக்கம் என் வரலாறு. கணக்கில் அவள் கெட்டிக்காரி. பல வருஷம் மாதச் சம்பளத்தை வைத்துக் குடும்பம் நடத்தியவளுக்குச் சதவீதம் யாரும் சொல்லித்தர வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமைத் தொடர்பு வகுப்பில் என்னோடு இருப்பவர்கள் இருபது, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள். பலர் ஒப்பந்த வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்கள். பாடம் எடுக்கும் பெண் என் மகனைவிட இளையவர். அவர் உள்ளே வந்ததும் நான் எழுந்து நிற்கிறேன். "உக்காருங்க ஐயா" என்று பதறுவார். நிற்பது மரியாதைக்கு, அவர் வயதுக்கு அல்ல, அவர் படித்திருப்பதற்கு. சுற்றுச்சூழல் கல்வி எல்லாப் பட்டப் படிப்புக்கும் கட்டாயத் தாள். அதில் நிலத்தடி நீர் வந்த அன்று எங்கள் சுரங்கத்துப் பம்புகளைப் பற்றி வகுப்புக்குச் சொல்லச் சொன்னார். சொன்னேன். சுரங்கத்தை ஒட்டிய கிராமத்திலிருந்து வரும் ஒரு பையன், "எங்க ஊர்க் கிணறெல்லாம் கீழ போனது அதனாலதானா ஐயா?" என்று கேட்டான். வேலையில் இருந்த காலத்தில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அவனுக்குச் சரியான பதில் சொல்லவாவது நான் இன்னும் நிறையப் படித்தாக வேண்டும்.

உடம்பு ஒத்துழைப்பது குறைவு. காலையில் படித்த ஆண்டுகள் மாலையில் நழுவுகின்றன. எழுதி எழுதித்தான் நிறுத்துகிறேன். கண்புரை அறுவைக்குப் பிறகு எழுத்து தெளிவாகத் தெரிகிறது. ஆனால் மூன்று மணி நேரத் தேர்வில் இரண்டாம் மணிக்கு மேல் விரல்கள் நடுங்கும். மாற்றுத்திறனாளிகளுக்கு மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் தர விதி இருக்கிறது, நல்ல விதி. முதுமையின் நடுக்கம் அந்தக் கணக்கில் வராது. தேர்வு அறை மாடியில் இருந்தால் படியேறி வந்த மூச்சு அடங்கவே கொஞ்ச நேரம் போய்விடும்.

அதனால் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். 60 வயது நிறைந்தவர்களுக்குப் படிப்புக் கட்டணத்தை விட்டுக்கொடுங்கள். எழுபதைத் தாண்டியவர்களுக்குத் தரைத்தளத்தில் தேர்வு அறையும் மணிக்கு இருபது நிமிடமும் தாருங்கள். விண்ணப்பப் பாரத்தில் பழைய எஸ்.எஸ்.எல்.சி.க்கும் பி.யூ.சி.க்கும் ஒரு கட்டம் சேருங்கள். வாசிக்கிற உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம், முக்கியமாகப் பாட்டிகளிடம், எந்த வகுப்போடு நிறுத்தினீர்கள் என்று கேளுங்கள். விட்ட இடத்திலிருந்து தொடர விருப்பமா என்றும் கேளுங்கள். ஆம் என்றால் அந்த ஓ.டி.பி.யை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், படிப்பை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.